தானே எழுதும் கோடு: பதிவுத் தாளிலிருந்து கணனிச் சாளரம் வரை

ஆய்வுகூடம், மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு, மின்னிலையத்தின் கட்டுப்பாட்டு அறை ஆகிய யாண்டும் இன்று ஒரு பொதுக் காட்சியைக் காணலாம். மேசைக் கணனியின் திரையில் ஒரு சாளரம் திறந்திருக்கும். அதனுள் ஆள்கூற்று அச்சுகள் இரண்டும் அவற்றிடையே இடையறாது நகரும் கோடு ஒன்றும் தோன்றும். எங்கோ பொருத்தப்பட்ட உணரியொன்று அளந்த வெப்பநிலையோ, அமுக்கமோ, இதயத்தின் மின்துடிப்போ அக்கோடாக உருப்பெறுகின்றது. இக்காட்சி நமக்கு மிகவும் பழகிவிட்டமையால், அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அளவீட்டுக் கோட்டுக்கு இரு பணிகள் உள. நிகழ்வதை நிகழும்போதே கண்ணுக்குப் புலப்படுத்துவது ஒன்று. நிகழ்ந்ததைப் பின்வருவோர்க்குப் பேணி வைப்பது மற்றொன்று. முன்னதைக் காட்டல் என்றும் பின்னதைக் காத்தல் என்றும் இங்கு குறிப்பிடுவோம். இவ்விரு பணிகளும் ஒரே கருவியில் இணைந்தும் பின் பிரிந்தும் வந்தமையே இக்கோட்டின் வரலாறு எனலாம். அவை பிரிந்தவிடத்து நேர்ந்த இழப்புகள் சில பாரதூரமானவை. ஆதலால் இது கருவிகளின் வரலாறாக மட்டும் அமையாது.

1. கோட்டின் தோற்றம்

எண்களைக் கோடாக வரைந்து காட்டும் வழக்கத்தைப் பொருளியலிற் புகுத்தியவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர். 1786 இல் அவர் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகள் காலத்தோடு மாறியவாறு கோடுகளாக வரையப்பட்டிருந்தன. ஆயின் அவை மனிதர் கையால் வரைந்தவை. அளக்கப்படும் பொருளே தன் கோட்டை வரையும் முறை வேறோர் இடத்திற் பிறந்தது.

ஜேம்ஸ் உவாற்றின் கொதிநீராவிப் பொறியில், உருளையின் உள்ளே அமுக்கம் ஏறியிறங்கும் வேகத்தைக் கண்ணாற் பின்தொடர்தல் அரிது. அமுக்கமானியின் முள் துடித்துக் கொண்டேயிருக்கும். அதன் அளவை வாசிக்க இயலாது. 1796 இல் உவாற்றின் உதவியாளரான ஜோன் சதேண், முள்ளின் இடத்தில் ஒரு பென்சிலைப் பொருத்தி, ஆடுதண்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் அசையும் பலகையொன்றில் தாளை வைத்தார். பொறியின் ஒவ்வொரு சுற்றும் தாளில் ஒரு மூடிய வளைகோடாகப் பதிந்தது. அவ்வளைகோடு அடைக்கும் பரப்பு, பொறி செய்த வேலையின் அளவைத் தந்தது. இதன் பயன் பெரிதாயிருந்தமையால் உவாற்றின் நிறுவனம் இதனைப் பல்லாண்டு காலம் தொழில் இரகசியமாகவே வைத்திருந்தது.

காலத்தை ஓர் அச்சாகக் கொண்ட பதிவுக் கருவி உடற்றொழிலியலிற் செல்வாக்குப் பெற்றது. 1847 இல் ஜேர்மனியரான கார்ல் லுட்விக் தாம் அமைத்த கருவியை விவரித்தார். விலங்கொன்றின் நாடியோடு இரசக் குழாய் இணைக்கப்பட்டது. இரசத்தின் மீது மிதந்த தண்டொன்றின் நுனியில் எழுதுகோல் இருந்தது. அது கடிகாரப் பொறியாற் சுழலும் உருளையிற் சுற்றிய தாளின் மீது எழுதிற்று. குருதியமுக்கம் மூச்சோடு சேர்ந்து ஏறியிறங்குவதை முதன்முறையாகத் தொடர்கோடாக அறிஞர் கண்டனர். அலையை எழுதுவது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அக்கருவி கைமோகிராப் எனப் பெயர் பெற்றது. பிரான்சில் எற்றியென்-ஜூல் மாரே இம்முறையை நாடித்துடிப்புக்கும் விலங்குகளின் நடைக்கும் விரித்து, 1878 இல் வரைபு முறை பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். புலன்களின் குறையும் மொழியின் குறையும் அறிவியலுக்குத் தடைகள் என்றும், இயற்கை தானே எழுதும் கோடு அவ்விரு தடைகளையும் நீக்கும் என்றும் அவர் நம்பினார்.

இக்கருவிகளிற் காட்டலும் காத்தலும் ஒன்றாகவே நிகழ்ந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எழுதுகோல் அசையும்போது பார்த்தவனும் அதே கோட்டைக் கண்டான். ஓராண்டு கழித்துத் தாளை விரித்தவனும் அதே கோட்டைக் கண்டான்.

2. ஒளிப்புள்ளியும் மைக்கோடும்

இவ்விரு பணிகளும் பிரிந்து நின்றமைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு அத்திலாந்திக் கடலடித் தந்தியிற் கிடைக்கின்றது. 1858 இல் இடப்பட்ட கம்பியின் மறுமுனையை அடைந்த மின்னோட்டம் மிக நலிந்தது. அதனை உணர்தற்கு வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, ஆடிக் கல்வனோமானியை அமைத்தார். சிறுகாந்தத்தில் ஒட்டிய சின்னஞ்சிறு ஆடியொன்றின் மீது விளக்கொளி பட்டுத் தெறிக்கும். ஆடி திரும்புந்தோறும் சுவரிலுள்ள அளவுகோலின் மீது ஒளிப்புள்ளி இடமும் வலமும் நகரும். இருண்ட அறையில் எழுத்தர் ஒருவர் அதனை உற்று நோக்கிச் சொல்ல, மற்றொருவர் எழுதினார். ஒளிப்புள்ளிக்கு எடை இல்லை. ஆதலால் அது நலிந்த மின்னோட்டத்துக்கும் அசைந்தது. ஆயின் அது சுவட்டை விட்டுச் செல்லவில்லை. எழுத்தர் கண் இமைத்த கணத்திற் போனது போனதே.

1867 இல் தொம்சனே இக்குறையைத் தீர்த்தார். அவருடைய வடிகுழாய்ப் பதிகருவியில் மெல்லிய கண்ணாடிக் குழாயொன்று மையை மின்னேற்றத்தின் உதவியால் நகரும் தாளின் மீது தெளித்தது. குழாய் தாளைத் தொடாமையால் உராய்வு இல்லை. நலிந்த ஓட்டமும் மைக்கோடாயிற்று. சுவரில் நகர்ந்த புள்ளி காட்டலுக்கு உரியது. தாளில் ஓடிய மை காத்தலுக்கும் உரியதாயிற்று. இன்றைய கணனித் திரை எவ்வளவு நுட்பமாயினும், தன்னளவில் அந்த ஒளிப்புள்ளியின் வழித்தோன்றலே.

காத்தலின் பெருமையை 1889 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று விளக்கும். ஏர்ன்ஸ்ற் பொன் றெபூர்-பஷ்விற்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர், நிலத்தின் மிகச்சிறு சாய்வுகளை அறியும்பொருட்டு நுண்ணிய கிடை ஊசல்களை அமைத்து, அவற்றின் அசைவை ஒளிப்படத் தாளிற் பதிந்து வந்தார். அவ்வாண்டு ஏப்பிரல் 17 ஆந் திகதிப் பதிவில் காரணம் விளங்காத குழப்பமொன்று காணப்பட்டது. யப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கம் பற்றிய செய்தியைப் பின்னர் வாசித்தபோதே அவர் இரண்டையும் இணைத்தார். பூமியின் மறுபுறத்து அதிர்வு ஐரோப்பாவிற் பதிந்தது என்பது அவ்வாறு நிறுவப்பட்டது. அதிர்வு நிகழ்ந்த வேளையில் எவரும் அதனைப் பார்த்திருக்கவில்லை, தாள் காத்திருந்தது.

3. கதிர்க்குழாயிலிருந்து சாளரத்துக்கு

1897 இல் கார்ல் பேர்டினண்ட் பிறவுண் கதோட்டுக் கதிர்க்குழாயை அளவீட்டுக் கருவியாக்கினார். இலத்திரன் கற்றை ஒளிரும் பூச்சின் மீது மோதி ஒரு புள்ளியை உண்டாக்கும்; மின்புலமோ காந்தப்புலமோ அப்புள்ளியை அசைக்கும். 1899 இல் யொனதன் சென்னெக், புள்ளியைச் சீரான வேகத்திற் கிடையாக நகர்த்தும் ஏற்பாட்டைச் சேர்த்தமையால் திரையில் காலவச்சு உண்டாயிற்று. இதன்வழி வளர்ந்த அலைவுகாட்டி இரண்டாம் உலகப் போரின் பின் எல்லா ஆய்வுகூடங்களிலும் இடம்பெற்றது. எழுதுகோலும் ஊசியும் எட்டமுடியாத வேகங்களை அது காட்டிற்று. எனினும் அதன் கோடு சில கணங்களில் மறைவது. வேண்டுவோர் திரையை ஒளிப்படம் எடுத்துக் கொண்டனர்.

கணனி இதே திரையைத் தன் முகமாக்கிக் கொண்டது. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் வேர்ள்விண்ட் கணனி 1951 இல் தொலைபேசிக் கம்பிவழி வந்த றேடார்த் தரவுகளை ஏற்று, வானூர்திகளின் நிலையைத் திரையிற் புள்ளிகளாகக் காட்டிற்று. அதன் வழியில் எழுந்த சேஜ் என்னும் வான்காப்பு அமைப்பு 1958 இற் பணி தொடங்கியது. ஆய்வுகூடத்துக்கென அமைந்த லிங்க் என்னும் சிறு கணனி 1962 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகத்திற் செய்துகாட்டப்பட்டது. பூனையொன்றின் நரம்புத் துலங்கல்களை அது நேரே ஏற்று, கணித்து, உடனுக்குடன் திரையிற் காட்டியது. உணரியின் தரவைக் கணனித் திரையில் உயிரோட்டமுள்ள கோடாகக் காணும் வழக்கத்துக்கு அந்நாளை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம்.

சாளரம் அதன்பின் வந்தது. செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்தில் 1973 இல் உருவான அல்ற்றோ கணனியும், 1984 இல் விற்பனைக்கு வந்த மக்கின்ரொஷும் திரையைப் பல சாளரங்களாகப் பகுக்கும் முறையைப் பரப்பின. 1986 இல் நஷனல் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் மக்கின்ரொஷுக்கென லாப்வியூ என்னும் மென்பொருளை வெளியிட்டது. கருவியின் முகப்பையே திரையில் வரைந்து, குமிழ்களையும் மானிகளையும் வரைபுகளையும் விரும்பியவாறு அமைக்க அது இடந்தந்தது. அதன் நகரும் வரைபுக்கு மூவகை நடைகள் உண்டு: தாட்சுருள் போல் நகர்வது ஒன்று, அலைவுகாட்டி போல் நிரம்பியதும் அழிந்து மீண்டும் தொடங்குவது ஒன்று, புதுக்கோடு பழங்கோட்டைத் துடைத்துக்கொண்டு செல்வது ஒன்று. தாளும் கதிர்க்குழாயும் மறைந்த பின்னரும் அவற்றின் நடை சாளரத்தினுள் வாழ்கின்றது.

4. சாளரத்தின் உள்ளே

இனி, சாளரத்திற் காணும் கோடு எவ்வாறு உண்டாகின்றது என்பதை நோக்குவாம். உணரி தரும் மின்னழுத்தம் தொடர்ச்சியானது. கணனியோ எண்களையே ஏற்கும். ஆகவே குறித்த இடைவெளிகளில் மாதிரி எடுத்து ஒவ்வொன்றும் எண்ணாக்கப்படுகின்றது. இம்முதற்படியிலேயே ஒரு பொய் புகக்கூடும். நம் வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுகள் மாறுவது. அதனைச் செக்கனுக்கு 49 முறை மட்டும் அளந்து வரைந்தால், செக்கனுக்கு ஒருமுறை மெல்ல ஏறியிறங்கும் அழகிய அலையொன்று திரையிற் தோன்றும். அத்தகைய அலை அங்கு இல்லவே இல்லை. மாறுதலின் மீடிறனைப் போல் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுக்கவேண்டும் என்னும் விதியை நைகுவிஸ்ற், ஷனன் ஆகியோரின் ஆய்வுகள் நிலைநாட்டின.

இரண்டாம் படி வேலைப் பகிர்வு. சாளரத்தை நடத்தும் செய்நிரல் சுட்டியின் அசைவையும் விசைப்பலகையையும் கவனித்து, திரையையும் புதுப்பிக்க வேண்டும். அது உணரியின் அடுத்த எண்ணுக்காகக் காத்து நின்றால் சாளரம் உறைந்துவிடும். வரைதலில் மூழ்கினால் உணரியின் எண்கள் தவறிப்போகும். ஆகவே நல்ல செய்நிரலில் அளத்தலும் வரைதலும் இரு தனி இழைகளாக ஓடும். இடையில் ஒரு தேக்கம் இருக்கும். அளக்கும் இழை அதில் எண்களை இட்டுக்கொண்டே செல்லும்; வரையும் இழை தன் வேளை வரும்போது எடுத்துக்கொள்ளும். தேக்கம் பெரும்பாலும் வளைய வடிவினது. நிரம்பியதும் புதிய எண் மிகப் பழைய எண்ணின் இடத்தைப் பிடிக்கும். வேறிடத்தில் எழுதி வைக்கப்படாத பழைய எண் அத்தோடு அழிந்தது.

மூன்றாம் படி சுருக்கம். செக்கனுக்கு 10,000 எண்கள் வருவதாகவும், சாளரம் கடைசிப் பத்துச் செக்கன்களைக் காட்டுவதாகவும் கொள்வோம். 1,00,000 எண்கள் உள. சாளரத்தின் அகலமோ 1,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளி நிரலுக்கும் நூறு எண்கள். நூற்றில் ஒன்றை மட்டும் எடுத்தால், இடையில் நிகழ்ந்த குறும்பாய்ச்சல் தோன்றாமலே போகலாம். நூற்றின் சராசரியை எடுத்தால் அப்பாய்ச்சல் குறுகிக் குன்றும். நூற்றிற் சிறியதையும் பெரியதையும் இணைத்து நிலைக்குத்துக் கோடு இட்டால் மட்டுமே அது எஞ்சும். மூன்று முறைகளும் திரையில் ஒரேயளவு நேர்த்தியான கோட்டையே தரும். எம்முறை கையாளப்பட்டது என்பதைக் கோடு சொல்லாது.

தாளில் எழுதிய ஊசிக்கும் உராய்வும் சடத்துவமும் ஆகிய குறைகள் இருந்தன. ஆயின் அக்குறைகள் யாவர்க்கும் தெரிந்தவை. சாளரத்தின் தெரிவுகளோ அதனை எழுதியவரின் மனத்துள் மறைந்து கிடப்பவை.

5. தாள் தந்த விண்மீன்

1967 ஆம் ஆண்டு யூலையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வானொலித் தொலைகாட்டியொன்று இயங்கத் தொடங்கியது. அதனைக் கட்டியோருள் ஒருவரான ஆராய்ச்சி மாணவி ஜொசிலின் பெல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் நீளத்துக்கு வந்த பதிவுத் தாளைக் கண்ணாலேயே ஆராய்ந்தார். கருவியின் போக்கை நன்கு அறியும் வரை கணனியிடம் ஆய்வை ஒப்படைப்பதில்லை என்பது அக்குழுவினரின் முடிவு. ஓரிடத்தில் விண்பொருளின் மினுக்கமும் அல்லாத, பூமியிலெழும் இடையூறும் அல்லாத சிறு கிறுக்கல் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அது தாளில் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. முன்னைய நாட்களின் தாள்களைப் புரட்டியபோது வானத்தின் அதே பகுதியில் அது மீண்டும் மீண்டும் வந்திருந்தமை புலனாயிற்று.

தாளை விரைவாக ஓடவிட்டுப் பதிந்தபோது, நவம்பர் 28 ஆந் திகதி கிறுக்கல் விரிந்து, 1.33 செக்கன் இடைவெளியில் ஒழுங்காக வரும் துடிப்புகளாயிற்று. துடிவிண்மீன் அவ்வாறு கண்டறியப்பட்டது. கோடு காக்கப்பட்டிருந்தமையும், அதனை வாசிக்கப் பயின்ற கண் இருந்தமையும் இங்கு இணைந்தன. 1974 இல் இதற்கென வழங்கப்பட்ட நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளர் அன்ரனி ஹியூவிஷுக்கே சென்றது. மார்ட்டின் றைல் அதனைப் பகிர்ந்து கொண்டார். தாளை வாசித்த மாணவி அதில் இடம்பெறவில்லை. இது இன்றளவும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது.

6. வினாக்குறிகளாய் மாறிய வெப்பநிலை

காட்டல் பிழைத்தால் நேர்வது யாது என்பதற்கு அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணு உலை சான்றாகும். 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில் இரண்டாம் உலையில் அமுக்கம் தணிக்கும் வால்வு திறந்தது. பின்னர் மூடியிருக்க வேண்டியது மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ மூடியதாகவே உணர்த்திற்று. ஏனெனில் அவ்விளக்கு வால்வின் நிலையை அளக்கவில்லை. வால்வுக்கு அனுப்பப்பட்ட கட்டளையையே காட்டிற்று. உலையின் கருப்பகுதியில் நீர்மட்டத்தை நேரே காட்டும் மானியும் இருக்கவில்லை. முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தன. அவற்றை வரிசையாக அச்சிட்ட கணனி அச்சுப்பொறி ஒரு கட்டத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பின்தங்கிவிட்டது.

இவற்றினும் வியப்பானது வெப்பவிணைகளின் செய்தி. கருப்பகுதியின் வெப்பத்தை அளந்த அவ்வுணரிகள் கணனியோடு இணைக்கப்பட்டிருந்தன. 700 பாகை பரனைற்றுக்கு, அதாவது ஏறத்தாழ 370 பாகை சென்ரிகிரேட்டுக்கு, மேற்பட்டால் எண்ணுக்குப் பதிலாக வினாக்குறிகளை அச்சிடுமாறு அக்கணனி நெறிப்படுத்தப்பட்டிருந்தது. வழமையான இயக்கத்தில் அதற்கு மேல் தேவைப்படாது என்பது எண்ணம். விபத்து நாளில், எண் மிகவும் வேண்டப்பட்ட வேளையில், வினாக்குறிகளே கிடைத்தன. தொழினுட்பவியலாளர் சிலர் கம்பிகளில் நேரே மானி வைத்து அளந்தபோது வந்த மிக உயர்ந்த எண்களும் நம்பப்படவில்லை. கருப்பகுதியில் ஏறத்தாழ அரைவாசி உருகியிருந்தமை பல ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. உணரி தன் கடமையைச் செய்தது. இடையிலிருந்த செய்நிரலே வாய் மூடியது.

இவ்விபத்தின் பின், உலையின் இன்றியமையாத அளவுகளை ஒருங்கே காட்டும் கணனித் திரையைக் கட்டுப்பாட்டு அறைகளில் அமைக்குமாறு அமெரிக்க அணு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு பணித்தது. இன்றைய தொழிற்சாலைச் சாளரங்களின் வரலாற்றில் இவ்விபத்துக்கும் ஓர் இடமுண்டு.

7. கோடு இருந்தும் கண் இல்லாமை

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் கரையோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26 அன்று, அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 7 மணியளவில், சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் பிளந்தது. அதிர்வலைகள் சில நிமிடங்களில் இலங்கையை அடைந்தன. கண்டிக்கு அண்மையில் பல்லேகலையில் உள்ள, உலகளாவிய நிலநடுக்க வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் அவற்றைப் பதிந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 15 நிமிடங்களில் முதல் அறிவித்தலை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் பருமன் 8.0 எனக் கணிக்கப்பட்டிருந்தது. ஒரு மணித்தியாலத்தின் பின் அது 8.5 ஆயிற்று. பின்னைய ஆய்வுகள் 9.1 அல்லது அதற்கு மேல் எனக் கண்டன. பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் தூரத்துக்கு, எட்டு முதற் பத்து நிமிடங்கள் வரை நீடித்தது. முதலில் வந்து சேர்ந்த அலைகள் அதன் முழுமையைச் சொல்லக்கூடியனவல்ல. உடனுக்குடன் நகரும் கோடு, அக்கணம் வரை வந்தடைந்ததையே காட்டும் என்பதை மறத்தலாகாது.

ஆயினும் பெருங்குறை அதுவன்று. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு ஒன்று அப்போது இருக்கவில்லை. கடல்மட்ட மானிகளின் தரவுகளை உடனுக்குடன் பெற்று வாசித்து, கரையோர மக்களுக்குச் சொல்லும் ஒழுங்கும் இருக்கவில்லை. நிலநடுக்கத்துக்கும் கிழக்குக் கரையை அலை அடைந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. கல்முனையிலும் முல்லைத்தீவிலும் காலியிலும் மக்கள் கடற்கரையில் வழமைபோல் நின்றனர். இலங்கையில் மட்டும் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடு எழுதப்பட்டது, காக்கவும் பட்டது. அதனைக் கண்டு குரல் எழுப்பவேண்டிய இடத்தில் எவரும் அமர்த்தப்பட்டிருக்கவில்லை. 2005 இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டதும், 2011 இல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகள் இந்து சமுத்திர எச்சரிக்கைப் பொறுப்பை ஏற்றதும் இவ்விழப்பின் பின்னரேயாம்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின் ஓர் உண்மை தெளிவாகும். லுட்விக்கின் உருளையில் இயல்பாகவே ஒன்றியிருந்த காட்டலும் காத்தலும் கணனிச் சாளரத்தில் இயல்பாக ஒன்றுவதில்லை. சாளரம் காட்டுவதற்கென்றே பிறந்தது. காத்தலை நாம் வேண்டுமென்றே அதனோடு சேர்க்க வேண்டும். தாள் தன் பாட்டில் செய்த கடமை, இன்று செய்நிரல் எழுதுவோனின் கடமையாகிவிட்டது.

அக்கடமை யாதெனின், உணரியின் எண்ணை முதலிற் கோப்பில் எழுதிப் பின்னரே திரையில் வரைதல். ஒவ்வோர் எண்ணோடும் அது வரையப்பட்ட நேரத்தை விடுத்து அளக்கப்பட்ட நேரத்தையே பொறித்தல். தரவு வராத இடத்தை நேர்கோட்டால் இட்டு நிரப்பாது இடைவெளியாகவே விடுதல். எல்லையைக் கடந்த எண்ணை மறைக்காது எண்ணாகவே காட்டுதல். சுருக்கிய முறையைச் சாளரத்திலேயே குறித்தல் என்பனவாம். இவற்றுட் கடினமானது ஒன்றுமில்லை. நம் பல்கலைக்கழகங்களின் பொறியியல், விஞ்ஞான பீடங்களில் உணரியொன்றைக் கணனியோடு இணைத்து முதன்முதலாக ஒரு கோட்டை ஓடவிடும் மாணவர் ஒவ்வொருவரும் இவற்றைச் செய்யலாம்.

எஞ்சியது வாசிப்போரின் கடமை. சிறு கிறுக்கலைப் புறக்கணியாது பழைய தாள்களைப் புரட்டிய மாணவியின் கண்ணைத் திரை தானாகத் தந்துவிடாது. இந்தக் கோடு எதனை அளந்தது, எதனை விட்டது, இதனை யார் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு சாளரத்தின் முன்னும் கேட்கப் பழகுதல் வேண்டும். நிலத்தின் நடுக்கமும் உலையின் வெப்பமும் நோயாளியின் துடிப்பும் தம்மைத் தாமே எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை வாசித்து உரிய வேளையில் உரியவர்க்கு எடுத்துரைப்போரை உருவாக்குதல் கல்வியின் பொறுப்பாகும்.